நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும் கார் குறித்து

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நிறைமாதத்தில் இருக்கும் உங்கள் மனைவியும் நலம். நீங்கள் விட்டுச் சென்ற கார் மட்டும் நலமில்லை. போனில் பேசினால் எனக்கு வரிசை தவறிவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். பொருளடக்கம் வருமாறு:

1. காரின் நோய்
2. நான் செய்த சிகிச்சை
3. எலக்ட்ரீஷியன் சொன்னதும் நான் சொல்லாததும்
4. சிக்னல் சரியாகும்வரை காரை வாசல் தாண்டி எடுப்பதில்லை என்ற என் உறுதியான முடிவு

"வலி வந்தால் நான் இருக்கிறேன், கார் இருக்கிறது" என்று நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வாக்குக் கொடுத்தேன் அல்லவா? அதனால் தினமும் காலையில் காரில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பது வழக்கம். போன வாரம் இடது சிக்னல் போட்டபோது டிக் டிக் என்ற சத்தம் படபடவென்று வேகமாகக் கேட்டது. கையேட்டைப் புரட்டினேன். அப்படி வேகமாக அடித்தால் ஏதோ ஒரு பல்பு போய்விட்டது என்று போட்டிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் அப்படியே! புது பல்பு வாங்கி நானே மாட்டினேன், சத்தமும் நிதானமானது. அத்தோடு நான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நான்கு விளக்குகளையும் சேர்த்து மினுக்கவைக்கும் அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தும்போது கிரீச் என்றது. பின் சீட்டில் பெண் வலியோடு இருக்கும்போது இந்தச் சத்தம் வேறா என்று எண்ணி, உங்கள் அத்தையின் தையல் மிஷின் எண்ணெயில் நாலு சொட்டு விட்டேன். கிரீச் நின்றது. பொத்தானும் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை.

அன்று முதல் இடது போட்டாலும் நான்கும் மினுக்குகின்றன, வலது போட்டாலும் நான்கும் மினுக்குகின்றன, ஒன்றும் போடாவிட்டாலும் நான்கும் மினுக்குகின்றன. பியூஸைப் பிடுங்கினால் ஒன்றுமே எரிவதில்லை. ஆக, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ரிலேயை மாற்றினார், ஒயரை இழுத்தார், கடைசியில் பொத்தானைக் கழற்றி விரலில் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு சார் எண்ணெய ஊத்துனது?" என்றார். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம் என்று பொதுவாகச் சொன்னேன். "மூணு பேரும் சேர்ந்தா ஊத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு, புது சுவிட்ச் வரவழைக்க வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்று போய்விட்டார்.

அதுவரை கையால் சைகை காட்டலாமே என்றாள் உங்கள் மனைவி. பியூஸைப் பிடுங்கிவிட்டு, வாசலில் நின்ற காரிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். வலப்பக்கம் என் கை, இடப்பக்கம் உங்கள் அத்தையின் கை. அத்தை கையை நீட்டியதும் எதிரே வந்த தபால்காரர் தனக்குத்தான் என்று நினைத்து சைக்கிளை நடுத்தெருவில் நிறுத்தி, "என்னம்மா, லெட்டர் இருக்கா?" என்றார். "இல்லீங்க, நாங்க திரும்புறோம்" என்றாள் அத்தை. "எங்க போயிட்டுத் திரும்புறீங்க?" என்றார் அவர். நாங்கள் எங்கும் போகவில்லை, ஆகவே வீட்டுக்குள் போய்விட்டோம். மறுபடி பியூஸை மாட்டிவிட்டேன், கழற்றிய இடத்தை மறந்துவிடுவேனோ என்ற பயத்தில்.

எப்பக்கம் திரும்புகிறேன் என்று பிறருக்குச் சொல்லாமல் நான் இதுவரை திரும்பியதில்லை. எனவே டாக்சிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் செய்தது சரிதானா என்று எழுதவும். உங்களுக்கு என் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடவும், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டவும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: மேற்படி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே, "அப்பா, பேனாவ மூடுங்க, வலிக்குது" என்ற குரல் கேட்டது. டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை. நான்கு விளக்கும் மினுக்க மினுக்க நானே ஓட்டினேன். "நான் எப்பக்கம் திரும்புறேன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "அப்பா! மொதல்ல உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் பின்சீட்டிலிருந்து. முன்னால் போன பஸ் உட்பட எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாற்சந்தியில் போலீஸ்காரர் விளக்குகளைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார், எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் சார்?" என்றார். எனக்கு இடது வலதே மறந்துபோயிற்று. உங்கள் அத்தை ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

பெண் குழந்தை. இருவரும் சுகம். இதை அத்தை போனில் சொல்லியிருப்பாள், கார் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள். குழந்தை யாரைப் பார்த்தாலும் இரண்டு கண்களையும் சேர்த்துச் சிமிட்டுகிறாள். எந்தப் பக்கம் திரும்புவாள் என்று இப்போதைக்குத் தெரியவில்லை. பொருளடக்கத்தில் நான்காம் எண்ணை அடித்துவிடவும். அது தவறு.