கையால் பிடிக்கவும்

ஒரு சட்டை மடிப்பேன், ஒரு வரி எழுதுவேன். இப்படித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் எங்கேயாவது கோணல்மாணலாக இருந்தால் அது பாப்பாவின் கவுன் மடித்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் தொங்குகிற லிஃப்டைக்கூட பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார். அவரால் இறக்க முடியாதது எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை ஒன்றுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாப்பாவை விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை இருக்கிறது, எட்டாவது முடித்தால் உனக்குத்தான் என்றார்கள். அதனால் போனிலேயே படிக்கிற வகுப்பில் சேர்ந்தேன். தினமும் சாயந்திரம் ஐந்து மணி. கட்டம் கட்டமாகப் பதினைந்து பெண்கள். கடைசியில் டீச்சர் கேட்பதற்கு வாயால் பதில் சொல்லும் தேர்வு. அதில் தேறினால்தான் வேலை.

எனக்குப் பாடம் வரும். வாய்தான் வராது. டீச்சர் என்னைக் கூப்பிட்டதும் பதில் ஓடிவந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். பதினாலு கட்டத்திலிருந்து பதினாலு முகம் பார்க்கும். நான் விழுங்குவேன். டீச்சர் அடுத்த ஆளைக் கேட்டுவிடுவார்.

ஹாலில் உட்கார்ந்தால் வாசலோடு போகிறவர்கள் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பேன். வைஃபை பெட்டி ஹாலில் இருக்கிறது. உள்ளே ரேஞ்ச் நூல் மாதிரி வரும். இதைப் பார்த்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"என் பொண்டாட்டி படிப்புக்கு நெட்டு தடையா இருக்கக் கூடாது" என்று சபதம் போட்டு, இரண்டாவதாக ஒரு ரூட்டர் வாங்கிவந்து, படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் முக்காலி போட்டு வைத்தார். வைத்த அன்றே நெட்டு இன்னும் மோசமானது. ஒரே உறையில் இரண்டு கத்தி!

அன்றைக்கு டீச்சர் என்னைக் கேள்வி கேட்டார். கேள்வி வந்து சேரவே நேரமானது. நான் விழித்தேன். டீச்சர் சொன்னார், "பாவம், அவங்க நெட்டு மெதுவா வருது. எல்லாரும் கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள்! பதினாலு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அதற்குள் நான் இரண்டு மூச்சு விட்டேன். பதில் தொண்டையிலிருந்து எழுந்து வெளியே வந்தது. சரியான பதில். எனக்காக அத்தனை பேர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் விடுவாரா? ஒரு நோட்டுப் போட்டு எண் எழுத ஆரம்பித்தார்.

"இது என்னங்க?"

"பிங்கு. நாம 'ஏய்'னு கூப்பிட்டா அந்தப் பக்கம் 'என்ன'ன்னு கேக்க எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குறது."

"குப்பையக் கொட்டுங்கன்னு நான் காலையில கூப்பிட்டேனே, அதுக்கு எவ்வளவு?"

"அது வேற லைன், விடு."

மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது பெட்டி முதல் பெட்டியிடமிருந்து காற்றிலேயே வாங்கித் தருகிறதாம். நடுவில் இரும்பு பீரோ. அதனால் தாமதமாம். ஹாலிலிருந்து சுவரோரமாக ஆணி அடித்து ஒயர் இழுத்து இரண்டையும் இணைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருந்த பிங்கு ஒன்பதுக்கு வந்தது.

"ஒயர் இருந்தா ஒயர்ல வாங்கும். கழண்டா தானா காத்துக்குத் தாவிக்கும். புத்திசாலிப் பெட்டி!" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று வகுப்பில் கேள்வி பளிச்சென்று வந்தது. டீச்சர் காத்திருக்கவில்லை. நான் விழுங்கினேன். மறுநாள் ஐந்து மணிக்கு முன்னால் மடித்த துணியை அடுக்குகிற சாக்கில் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டேன். ஒயர் முனையில் குட்டியாக ஒரு நாக்கு இருக்கும். அதை அழுத்தி இழுத்தேன். டிக். வகுப்பு முடிந்ததும் திரும்பச் சொருகினேன். டிக்.

அவர் வந்து கேட்டார், "எப்படி இருந்துச்சு?"

"சுத்திக்கிட்டே இருந்துச்சுங்க."

ஓடிப்போய் பிங்கு பார்த்தார். ஒன்பது. தலையைச் சொறிந்தார்.

இப்படியே மூன்று வாரம். கட்டிலைத் திருப்பினார். நிலைக்கண்ணாடியை ஹாலுக்கு மாற்றினார். மேல்வீட்டுக்குப் போய், சாயந்திரம் ஒரு மணி நேரம் மைக்ரோவேவ் போடாதீர்கள் என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நாளுக்கு நாள் நன்றாகப் பதில் சொன்னேனே!

என்னோடு படிக்கிற பக்கத்துவீட்டுத் தையல்காரக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடிப்பாவி! ஊமைச்சி மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே சுத்த விட்டிருக்கியே!"

"சொல்லிடாதீங்கக்கா."

"நான் எதுக்குடி சொல்றேன்? நீ யோசிக்கிற நேரத்துல நானும்ல யோசிச்சுக்கறேன்."

தேர்வு நாள் வந்தது. நான் துணி அடுக்கப் போனேன். பீரோவுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சட்டை இருந்தது. உள்ளே அவர் இருந்தார்.

"என்னங்க இது?"

"எங்க தொழில்ல ஒண்ணு உண்டும்மா. மெக்கானிக் வந்தா லிஃப்ட் ஓடும், மெக்கானிக் போனா நின்னுடும். இதுவும் அந்த ஜாதிக் கோளாறுதான். இன்னிக்கு லீவு போட்டுட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் ஒயரைக் கையால பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"நீங்க இருந்தா எனக்கு வாய் வராதுங்க."

"நான் எங்க இருக்கேன்? பீரோதானே இருக்கு?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியாது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. எனக்கு வேர்த்தது.

"ஈரத்துணி எப்படிக் காயுது? சொல்லுங்க."

தினமும் இரண்டு வாளி துணி உலர்த்துகிறவளிடம் இந்தக் கேள்வி. தெரியாதா? தெரியும். பதில் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. தேர்வில் அடுத்த ஆள் கிடையாது, அடுத்த வருஷம்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. நெட்டு நிற்காவிட்டால் என்ன, நான் நிற்கலாமே? வாயைப் பாதி திறந்து, ஒரு கண்ணைப் பாதி மூடி, படம் நின்றுபோன மாதிரி அப்படியே சிலையாகிவிட்டேன்.

பீரோ மெதுவாகக் கேட்டது, "சுத்துதா?"

சிலை எப்படிப் பதில் சொல்லும்?

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், "உங்க படம் நின்னுபோச்சு போல. ஆனா உங்களுக்குப் பின்னால பாப்பா மட்டும் பெரிய செருப்பப் போட்டுக்கிட்டு நடக்கறாளே?"

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் செருப்புக்குள் காலை விட்டு, தரையைத் தேய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள் பாப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த மூணு வாரமும் நெட்டுக்குக் காத்திருந்தேன்ல?" என்றார் டீச்சர். "உங்களுக்குக் காத்திருக்க மாட்டேனா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

இரண்டு மூச்சு விட்டேன். மூன்றாவதும் விட்டேன்.

"தண்ணி ஆவியாகிப் போயிடுது டீச்சர். வெயில் அடிச்சா சீக்கிரம். காத்து அடிச்சா இன்னும் சீக்கிரம். விரிச்சுப் போட்டாக் காயும். சுருட்டிப் போட்டா நாறும்."

"கடைசி வரி புத்தகத்துல இல்ல," என்று டீச்சர் சிரித்தார். "ஆனா சரிதான்."

இன்னும் ஒன்பது கேள்வி. ஒன்பதுக்கும் காத்திருந்தார். ஒன்பதுக்கும் சொன்னேன். தேறிவிட்டேன்.

டீச்சர் பேசியது என் இயர்போனுக்குள்ளேயே இருந்துவிட்டது. வீட்டுக்காரருக்குக் கேட்டதெல்லாம் நான் கடகடவென்று சொன்ன பதில்தான். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, பாப்பாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

"பாத்தியா! பிடிச்சதும் எப்படிப் போச்சு பாத்தியா!"

அந்த முகத்தைப் பார்த்து நான் என்னவென்று சொல்வேன்? நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினார்:

கோளாறு: தாமதம். காரணம்: தெரியவில்லை. தீர்வு: கையால் பிடிக்கவும்.

இப்போது காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சாயந்திரம் பத்தாம் வகுப்புக்கும் படிக்கிறேன். அதுதான் சிக்கல். தினமும் ஐந்து மணிக்கு அவர் பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறார். அதற்காகவே ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். சின்னத் தலையணை ஒன்றும் அங்கே போய்விட்டது.

தையல்காரக்கா கேட்கிறார், "ஏண்டி, அந்த மனுஷன எத்தனை நாளைக்கு இப்படி நிக்க வைப்ப?"

எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பீரோவுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால்தான் இப்போது எனக்கு வாய் வருகிறது. அவர் இருந்தால் வராது என்று சொன்ன அதே வாய்.

இருந்தாலும் இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். இந்தத் துணியை மடித்து முடித்ததும் நேராகப் போய், என்னங்க, அந்த ஒயரைக் கழட்டினது வேற யாருமில்ல என்று

"ஏம்மா! மணி அஞ்சு! நான் பிடிச்சுட்டேன், ஓடி வா!"

வந்துட்டேங்க. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பத்தாவது முடிய இன்னும் ஒன்றரை வருஷம்தானே, அதுவரைக்கும் அவர் அங்கேயே