கரடிக்கு நடந்த வளைகாப்பு

ஒரு காட்டில் வைத்தியர் கிடையாது. செல்போன் டவர் இருந்தது. அது போதும் என்று பெரிய விலங்குகள் முடிவு செய்துவிட்டன. டவுன் ஏரிக்கரையில் இருக்கும் டாக்டர் கொக்கு போனிலேயே வைத்தியம் பார்க்கும். நோயைப் பதிந்து அனுப்ப மரத்தடியில் ஒரு மையம் திறந்து, படித்த குரங்கு என்று சொக்கனை உட்கார வைத்தார்கள்.

"இது பிளாக்செயின்ங்கிற பதிவேடு. ஒருதடவை ஏறிட்டா சிங்கமே வந்தாலும் அழிக்க முடியாது. எல்லார் போன்லயும் நகல் இருக்கும். காடே 'சரி'ன்னு அழுத்தினாத்தான் ஏறும். தப்பே வராது" என்றது சொக்கன்.

'சரி' அழுத்தினால் ஆளுக்கொரு வேர்க்கடலை. ஆகவே காட்டில் யாரும் எதையும் படிப்பதில்லை.

ஒச்சப்பன் என்ற கிழட்டு ஆண் கரடி ஒரு நாள் பலாப்பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டது. உயிர் போகிற வலி. மையத்துக்கு உருண்டு வந்தது.

"என்னண்ணே செய்யுது?"

"வயிறு உப்பிக் கிடக்குடா. காலையில குமட்டுது. புளிப்பாத் தின்னாத் தேவலை."

சொக்கன் தலையைத் தூக்கவில்லை. கர்ப்பம் என்று பதிந்தது. காடு 'சரி' என்றது.

டாக்டர் கொக்கும் பதிவைத்தான் பார்த்தது, கரடியைப் பார்க்கவில்லை. "பிள்ளைத்தாச்சிக்குப் பேதி மருந்து ஆகாதும்மா. ரெஸ்ட் எடு."

"யோவ், நான் ஆம்பளைய்யா!"

"பதிவுல அப்படி இல்லையேம்மா."

மறுநாளே பெண் யானை கண்ணாடி வளையலும் கட்டுச்சோறுமாய் வந்துவிட்டது.

"யக்கா, உனக்குக் கண்ணு இருக்கா?"

"இருக்கு தம்பி. ஆனா நானும் 'சரி' போட்டுட்டேனே. இப்ப இல்லைன்னா என் பேச்சுக்கு என்ன மரியாதை? கையை நீட்டு."

வளையல் கரடிக்கு. சோறு வந்தவர்களுக்கு. வலி மட்டும் போகவில்லை. ஒச்சப்பன் மறுபடி மையத்துக்குப் போனது.

"அழிச்சுத் தொலைடா!"

"அழிக்க முடியாதுண்ணே, சேர்க்கத்தான் முடியும். பிள்ளை பெத்துட்டீங்கன்னு ஏத்தினா கர்ப்பம் தானா முடிஞ்சிடும்."

"சரி, பெத்துட்டேன். போடு."

"பிள்ளை எங்கேண்ணே?"

"நீதான்டா."

சொக்கனுக்குச் சிரிப்பு. பதிவுக்கு ஒரு கொய்யாப்பழம் கூலி. வருகிறதை ஏன் விட வேண்டும்? ஏற்றிவிட்டது. காடு வேர்க்கடலையை மென்றுகொண்டே அழுத்தியது.

டாக்டர் கொக்கு போனில் வாழ்த்துச் சொன்னது. "பேதி மருந்துதானே? பால் கொடுக்கிற தாய்க்கும் ஆகாதும்மா."

ஒச்சப்பன் போனை வைத்தது. பக்கத்து மூங்கில் புதரில் நல்ல கழியாகப் பார்த்து ஒடித்தது.

"அண்ணே, என்னண்ணே இது?"

"அண்ணன் இல்லடா. அம்மா."

சொக்கனின் அலறல் கேட்டுக் காடே ஓடி வந்தது. வந்தவர்கள் முதலில் அவரவர் போனைப் பார்த்தார்கள்.

"பெத்தவ அடிக்கிறா. நாம குறுக்கே போறது நல்லா இருக்காது" என்று திரும்பி நடந்தது யானை.

வயிறு அப்படியேதான் வலித்தது. மனசு ஆறிவிட்டது.

நீதி: பொய்ப் பதிவை அழிக்க முடியாதென்றால் அழாதே. பதிந்தவனையே பிள்ளையாகப் பெற்றுக்கொள். பெற்ற பிள்ளையை அடித்தால் கேட்க ஒரு நாதியும் வராது.