மைனர் வேண்டாம் என்ற தந்தியைப் பற்றி

திண்டுக்கல்,
4-7-1961

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியின் மணிமுடியும், தங்கையை எனக்குக் கொடுத்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கேட்காத வள்ளலுமாகிய மச்சான் பெருமாள்சாமி அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ராஜபார்ட் கண்ணுசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும், உங்கள் தங்கை மாயம்மாளும், மகள் சண்முகவள்ளியும் சௌக்கியம். அங்கே நீங்களும், அக்காளும், தக்காளி விலையும் சௌக்கியமாக இருக்க பழனியாண்டவன் துணை. உங்கள் கோபக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மாயம்மாள் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நான் நாடகத்தில் வாங்கிய வசவெல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது. ஆனாலும் நான் கலங்கவில்லை. நடந்தது ஒரு சின்ன வார்த்தைக் குழப்பம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்களே விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வள்ளி எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறியதும் நீங்கள் பெரிய மனதுடன், "ஒரு வருசம் பி.யு.சி. படிக்கட்டுங்க மாப்பிளே, அப்புறம் நம்ம தங்கமுத்துக்கு முடிச்சுப்போடலாமுங்க" என்று சொன்னீர்கள். என்ன பாடம் எடுத்தாள் என்று உடனே தந்தி கொடுக்கவும் சொன்னீர்கள். தாய்மாமன் வாக்கு தெய்வ வாக்கு. அதன்படி போன வாரம் அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் கல்லூரி ஒன்றில் வரிசையில் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் செபஸ்தியம்மாள் என்று ஒரு பேராசிரியை, கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. எவ்வளவு பொறுமைசாலி என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அவர் எடுத்த எடுப்பிலேயே, "பார்ட் ஒன் இங்கிலீஷ். பார்ட் டூ என்ன எடுக்கிறீங்க?" என்றார். மச்சான், இருபது வருஷம் ராஜபார்ட் போட்டவனிடம் வந்து பார்ட்டைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பார்ட் விசயத்த எங்கிட்ட விடுங்க தாயி. எங்க வம்சத்துல யாரும் ரெண்டாம் பார்ட் போட்டது கெடையாது. இவளுக்கு மொதப் பார்ட்டே குடுங்க" என்றேன். அவர், "எல்லாப் பொண்ணுங்களுக்கும் மூணு பார்ட்டும் உண்டுங்க ஐயா" என்றார். "ஒரே ஆளுக்கு மூணு வேசமா? துணி மாத்தவாச்சும் நேரம் குடுப்பீகளா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? பின்னால் நின்ற பெண்களெல்லாம் கைதட்டினார்கள். வள்ளி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, பார்ட் டூவுக்குத் தமிழ், பார்ட் த்ரீக்கு சயின்ஸ் என்று தானே சொல்லிவிட்டாள். டாக்டருக்குப் படிக்க அந்த சயின்ஸ்தான் வழி என்று ரயிலிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். பச்சைப் பிள்ளை ஆசை, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் தலையை ஆட்டி வைத்திருந்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் தபால் செலவு மிச்சம். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சயின்ஸ் எடுக்கிற பொண்ணு பொதுக்கல்விக்குன்னு ஒரு மைனரும் எடுக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னீக தாயி?" என்றேன். "மைனர் சரித்திரம்" என்றார். "வயசுப் பிள்ளைக்கு மைனர் சரித்திரம் எதுக்குங்க? அது எந்த ஊர்லயும் நல்லா முடிஞ்சதில்லையே!" என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறாராம், "பயப்படாதீங்க ஐயா, இது பொது மைனர், எல்லாப் பொண்ணுங்களுக்கும் பொது" என்றார். பொது மைனராம்! எனக்கு வந்த ஆவேசத்தில் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தர்பார் காட்சிக்கு வைத்திருக்கும் குரலை எடுத்து, "என் மகளுக்கு மைனர் வேண்டாம்! இன்றும் வேண்டாம், என்றும் வேண்டாம்!" என்று கர்ஜித்தேன். வரிசையில் ஒருத்தி "ஒன்ஸ்மோர்" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னேன்.

வள்ளி என் கையைப் பிடித்து, "அப்பா, நீங்க செத்த வெளிய போயி காத்து வாங்குங்க, நான் பேசிட்டு வாரேன்" என்றாள். போய் வேப்பமரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு வந்தாள். "மைனர என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கிட்டேன்பா" என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. நேரே தந்தி ஆபீஸ் போனோம். எனக்கு இங்கிலீஷ் வசனம் அவ்வளவாகப் பேச வராது என்பதால், நடந்ததைச் சுருக்கமாக மாமாவுக்கு எழுதம்மா என்று அவளிடமே விட்டேன். "சயின்ஸ் சேர்ந்தாயிற்று. மைனர் வேண்டாம். வள்ளி." இவ்வளவுதான் தந்தி.

அந்தத் தந்தியை உங்கள் கணக்கப்பிள்ளை மண்டி நடுவில், கேரளத்து லாரிக்காரர்கள் காது கேட்க, தமிழாக்கிப் படித்தது என் குற்றமா? உங்கள் மகன் தங்கமுத்துவை ஊரே 'மைனர் தங்கமுத்து' என்று கூப்பிடுவது என் குற்றமா? பட்டு ஜிப்பாவும் அத்தரும் மோட்டார் சைக்கிளுமாக அவர் வீதியில் வந்தால் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? மாப்பிள்ளையை நான் குறை சொல்வேனா? மண்டி வாரிசாக இருந்தும் மேலில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டாமல் வளர்ந்த பிள்ளை. சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் வித்தியாசம் தெரியாதென்றால் அது செல்லமாக வளர்ந்ததன் அடையாளம். அவரைப் போய் நான் வேண்டாமென்று சொல்வேனா?

உங்கள் கடிதம் வந்த பிறகு வள்ளியைக் கூப்பிட்டு விசாரித்தேன். மேஜர் என்றால் பெரிய பாடமாம், மைனர் என்றால் கூடவே படிக்கிற சின்னப் பாடமாம். சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு உலக நடப்பும் தெரிய வேண்டும் என்று சரித்திரம் வைத்திருக்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆக, நாங்கள் வேண்டாமென்றது சரித்திரப் பாடத்தை. சத்தியமாக உங்கள் மகனை அல்ல. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆள்கட்டோடு வந்து, படிப்பை நிறுத்தி, வருகிற முகூர்த்தத்திலேயே பழனியில் தாலி கட்ட வைப்பேன் என்று எழுதியதை வாபஸ் வாங்க வேண்டும். பிள்ளை இந்த ஒரு வருஷம் படிக்கட்டும். சித்திரையில் கல்யாணம். ராஜபார்ட் கொடுத்த வாக்கு மாறாது.

அக்காளுக்கு நமஸ்காரம். தங்கமுத்து மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உங்கள் வாசலில் லாரி நிற்காத நாளே வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத
கண்ணுசாமி

பின்குறிப்பு: விலாசம் எழுத வள்ளியிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டாள். "அப்பா, பாடத்துல உள்ள மைனர அன்னைக்கே எடுத்தாச்சு. நீங்க வேப்பமரத்தடியில நின்னப்பவே சரித்திரம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்" என்றாள். "அப்ப தந்தியில வேண்டாம்னு எழுதுனது எந்த மைனர?" என்று கேட்டேன். "மாமாவுக்குச் சரியாத்தான் வெளங்கியிருக்குப்பா" என்றாள். பயந்துகொண்டேதான் சொன்னாள் மச்சான். ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுக்களையிலிருந்து உங்கள் தங்கை, "எங்க அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன், எம் மக டாக்டராகட்டும்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதை எல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். இவ்வளவு நன்றாக எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், சாப்பாட்டுக்கு. தாம்பூலத் தட்டு வேண்டாம். தந்தி சரி.