என்னைக் கவிழ்க்க நான் எடுத்த வகுப்பு

பதவியில் இருப்பவன் செய்யக் கூடாத காரியங்கள் பல உண்டு. அவற்றுள் முதன்மையானது, பதவியில் இருப்பவனைக் கவிழ்ப்பது எப்படி என்று ஞாயிறுதோறும் வகுப்பு எடுப்பது. நான் எடுத்தேன். சுண்டல் வேறு கொடுத்தேன்.

அப்போது நான் ஒரு தலைவன். நாட்டுக்கோ கட்சிக்கோ அல்ல. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், ஏரிக்கும் ஒரு கம்பெனி மதிலுக்கும் நடுவே போடப்பட்ட மனைப்பிரிவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு. மனை விற்றவர்கள் அந்த இடத்துக்கு ஏதோ 'கார்டன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டம் என்று அங்கே சொல்லத்தக்கது, சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த ஆமணக்கு மட்டும்தான். ஆனாலும் தலைவர் தலைவர்தானே. பணிக்காலம் முழுவதும் சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு காற்புள்ளி தவறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஒரு சங்கம் கிடைத்தால் விடுவேனா? விதிகள் அத்தனையையும் நானே எழுதினேன். நானே தலைவரும் ஆனேன். (எதிர்த்து நிற்க ஆளில்லை. யாருக்கும் அவ்வளவு வேலையில்லாமல் இல்லை. அதைத்தான் ஏகமனதான தேர்வு என்று நினைத்துக்கொண்டேன்.)

என் ஆட்சியின் பெருஞ்சாதனை, கம்பெனி பஸ்கள் மனைப்பிரிவுக்குள் நுழையக் கூடாது என்ற விதி. நுழைந்தால் ரோடு கெட்டுவிடுமாம். (ரோடு ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது. கெட்டதை அதே நிலையில் பாதுகாப்பதும் நிர்வாகம்தான் என்பது என் கொள்கை.) இதனால் செகண்ட் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வருகிறவர்களை பஸ் மெயின் ரோட்டிலேயே உதறிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து விளக்கில்லாத வழியில், நாய்களுக்குப் பயந்துகொண்டே நடந்து வர வேண்டும். விதியை எடுக்கச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பினேன். பழகிய கை.

அப்படி நடந்து வருகிறவர்களில் ஒருத்தி மீனா. எங்கள் எதிர்வீட்டில் தாயோடு வாடகைக்குக் குடியிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம். ஒருநாள் பாடப்புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"சார், இந்த டிராமா சுத்தமா புரியல. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னே தெரியல. எக்ஸாம் வேற வருது."

வாங்கிப் பார்த்தேன். போர்களில் வென்று வந்த தலைவன் ஒருவன் எங்கே முடிசூடிக்கொள்வானோ என்று பயந்து, கூட இருந்தவர்களே அவனைச் சபையில் வைத்துக் குத்திக் கொல்லும் பழைய துன்பியல் நாடகம். கல்லூரியில் எனக்கும் பாடமாக இருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். (இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.)

"உனக்கு மட்டும் எதுக்கும்மா? எல்லாரையும் வரச்சொல்லு. சங்க ரூம்ல நடத்தறேன்" என்றேன்.

கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். தொழிற்பேட்டை நடுவே இப்படியொரு இலக்கிய தாகமா என்று புல்லரித்தது. முன்வரிசையில் சங்கச் செயலாளர் ஆரோக்கியராஜ். கார் சீட் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். சங்கத்தில் என் வலது கை. சுவரோரம் ஏகாம்பரம். மனைப்பிரிவு முழுவதும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். இப்போது மிச்சமிருந்தது ஒரு வீடும் ஒரு தண்ணீர் லாரியும். அவர் சுண்டலுக்காக வருகிறார் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த அறையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துப் படிக்க வைத்தேன். தலைவன் பாத்திரத்தை நானே எடுத்துக்கொண்டேன். (வேறு யாருக்குப் பொருந்தும்?) கடைசியாகக் குத்துகிற உயிர் நண்பன், ஆரோக்கியராஜ்.

"சார், இவன் நல்லவனாத்தானே இருக்கான். அப்புறம் ஏன் குத்துறான்?" என்று கேட்டார்.

"நாலு பேர் நன்மைக்குன்னு நினைச்சுக் குத்தறான்."

"அப்ப பாவமில்லேன்றீங்களா?"

"சிநேகம் வேற, பொதுக்காரியம் வேறன்னு நினைக்கிறவனுக்குப் பாவமா தெரியாது."

ஆரோக்கியராஜ் பெருமூச்சு விட்டார். பாத்திரத்தோடு ஒன்றிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கத்தோலிக்கருக்கு, செய்யப்போகும் காரியத்துக்கு முன்கூட்டியே பாவமன்னிப்பு வழங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னா சார், கூடவே குந்திகினு துன்னவனுங்கோ. ஒருத்தன்கூடவா அந்தாளாண்ட சொல்லல?" என்றார் ஏகாம்பரம்.

"சொன்னாங்க. ஜோசியக்காரன் சொன்னான். பொண்டாட்டி சொன்னா. கேட்டாத்தானே? தனக்கு எல்லாம் தெரியும்னு நினைக்கிறவன் காதுல எதுவும் ஏறாது."

"தோடா. அப்ப சரியான லூசுன்னு சொல்லு."

அறை குலுங்கச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

அடுத்த வகுப்பில் மீனா கையைத் தூக்கினாள். "சார், அந்தக் காலத்துல கத்தி. இந்தக் காலத்துல, ஒரு சங்கத் தலைவர்னு வெச்சுக்கங்க, அவரை எறக்கணும்னா என்ன பண்றது?"

நடனம் தெரிந்தவன் காதில் மேளம் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நாடகத்தை மூடி வைத்தேன். உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்குழு கேட்பது எப்படி, நோட்டீசில் எந்தெந்த வாசகம் இல்லாவிட்டால் செல்லாது, கோரம் எத்தனை, அதாவது குறைந்தது எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், தலைவர் தன்மீதான தீர்மானத்துக்குத் தானே தலைமை தாங்க முடியாது என்பது ஏன், எல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

"கொன்னவங்க செஞ்ச ஒரே முட்டாள்தனம் என்ன தெரியுமா? காரியம் முடிஞ்சதும் எதிராளியைப் பேச விட்டாங்க. அவன் பேசியே ஊரைத் திருப்பிட்டான். மைக்கை மட்டும் குடுக்கவே கூடாது."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மாணவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பூரித்துப் போனேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு யாரும் வரவில்லை. ஆரோக்கியராஜ் மட்டும் ஒரு மனுவோடு வந்தார். பஸ் விதியை நீக்கவும் தலைவரை மாற்றவும் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லும் மனு. என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். வழக்கம்போலக் குறை தேடினேன். இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி அச்சு அசலாக இருந்தது. ஒரு கணம் ஆசிரியனாகப் பெருமைகூடப் பட்டேன். என்ன ஜென்மமோ!

"பஸ்ஸை உள்ளே விட்டுடுங்களேன். யாரும் உங்க நாற்காலியைக் கேக்கமாட்டாங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

"விதி விதிதான்" என்றேன். காதில் ஏறாதவனைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன்புதான் பாடம் நடத்தியிருந்தேன் என்பது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

பூங்காவுக்கு என்று ஒதுக்கிவிட்டு அப்படியே விட்டிருந்த காலி மனையில் ஷாமியானா போட்டுக் கூட்டம். தற்காலிகத் தலைவராக ஏகாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் என் நாற்காலியில் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இந்தாள எறக்கலாம்னு சொல்றவங்கோ கைய தூக்கு" என்றார்.

கைகள் காடாக எழுந்தன. ஆனால் எனக்குப் பதற்றமில்லை. இதற்காகத்தான் ஒரு விதியைக் காத்து வைத்திருந்தேன். எழுந்தேன்.

"ஒழுங்குப் பிரச்சினை! மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு மட்டுமே வாக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் கையை இறக்க வேண்டும்." (கோபம் வந்தால் எனக்கு அலுவலகத் தமிழ்தான் வரும்.)

மீனா கையை இறக்கினாள். அவளைப் போல ஷிப்டுக்குப் போகிறவர்கள் பலரும் இறக்கினார்கள். எனக்கு ஆதரவான கைகளை எண்ணினார்கள். என் கையையும் சேர்த்து இரு பக்கமும் சமம். சமமானால் தீர்மானம் தோற்கும். அதுவும் நான் எழுதியதுதான். வெற்றிப் புன்னகையோடு சுற்றிலும் பார்த்தேன்.

ஆரோக்கியராஜ் தயங்கித் தயங்கி என் அருகே வந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் கையை எறக்கணும். உங்க மனை அம்மா பேர்ல இருக்கு."

உண்மைதான். பெண்கள் பெயரில் வாங்கினால் வீட்டுக் கடனுக்கு வட்டி குறைவு என்று சரோஜா பெயரில் வாங்கியிருந்தேன். மனை இல்லாத நான் தலைவராவதற்காக, உரிமையாளரின் கணவரும் பதவி வகிக்கலாம் என்று ஒரு விதி எழுதியவன், வாக்கைப் பற்றி எழுத மறந்திருந்தேன். ஊரார் விதிகளில் காற்புள்ளி தேடிய ஆசாமி!

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பெண்களோடு, அதுவரை எந்தப் பக்கமும் கை தூக்காத சரோஜா. அவள் என் பக்கம் கை தூக்கினால் மறுபடி சமம், நான் பிழைத்தேன்.

"யம்மா, நீ சொல்லு. எறக்கலாமா, வேணாமா?" என்றார் ஏகாம்பரம்.

சரோஜா எழுந்தாள். "ஏங்க, கோச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு வந்து சேர்ற வரைக்கும் அவங்கம்மா தெருவுலயே நிக்குறாங்க. அதைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வர்றதில்ல. எறக்கிடலாங்க."

கையைத் தூக்கினாள். வளையல் சத்தம்கூடக் கேட்டது. நாடகத்தில் அந்தத் தலைவனுக்கு இந்த ஒரு குத்து இல்லை. அவன் அதிர்ஷ்டசாலி.

"நான் பதில் பேசணும். மைக்கைக் குடுங்க" என்று கத்தினேன்.

ஆரோக்கியராஜ் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "வேணாம் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"செத்த ஆளு டிராமாவுல பேசறானா? குந்து சார்" என்றார் ஏகாம்பரம்.

(பேசுவான். ஆவியாக வருவான். அந்தக் காட்சியை நான் இன்னும் நடத்தியிருக்கவில்லை.)

மறுநாளே பஸ் உள்ளே வந்தது. என் வீட்டு வாசலில்தான் திருப்ப இடம் இருக்கிறதாம். ரிவர்ஸ் எடுக்கும்போது அது பாடும் பாட்டை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரோடு இதற்கு மேல் கெடவில்லை, கெட இடமில்லை. தேர்வில் மீனாவுக்கு நாடகத் தாளில் நல்ல மதிப்பெண். தலைவனின் வீழ்ச்சிக்கு அவனே காரணமா என்று கேள்வியாம். பக்கம் பக்கமாக எழுதினேன் சார் என்று மைசூர்பாகோடு வந்து சொன்னாள். உதாரணம் எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மகளும் மருமகனும் வந்திருக்கும்போது, சமையலறையில் சரோஜாவோடு சேர்ந்து தணிந்த குரலில் ஏதாவது பேசுவார்கள். நான் மெதுவாக எட்டிப் பார்ப்பேன். மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்புவார்கள்.

"பயப்படாதீங்க. கோரம் பத்தாது. போய் உட்காருங்க" என்பாள் சரோஜா.

போய் உட்காருவேன். எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் கோரம் என்று மட்டும் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.