நாலு மணி வடைக்கு நான் போட்ட தடை

எடை குறைக்கக் கிளம்புகிறவர்களில் ஆபத்தானவர், தான் மட்டும் குறைத்தால் போதாது என்று நினைப்பவர்தான். ஆறு வருடங்களுக்கு முன்பு நான் அப்படித்தான் இருந்தேன். (திருந்திவிட்டேனா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.)

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டி, சரக்குகளைக் கப்பலேற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனேன். "பத்து கிலோ குறைங்க. சாயங்கால நொறுக்குத்தீனிய மாத்துங்க" என்றார். அந்த இரண்டே வாக்கியங்களை வைத்து நான் ஓர் இயக்கமே தொடங்கிவிட்டேன்.

மறுநாளே ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரையும் குடோனுக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் எந்திரத்தில் ஏற்றினேன். நான் எழுபத்தொன்பது கிலோ. அங்கேயே அறிவித்தேன்: "இனிமே நாலு மணிக்கு வடை கிடையாது. எண்ணெய்ல பொரிச்சதெல்லாம் விஷம். எல்லாருக்கும் நானே கொண்டாரேன்."

கொண்டுபோனேன். ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய அண்டிப்பருப்பு (முந்திரிதான், நெய்யில் வறுத்தது), பேரீச்சம்பழம், கருப்பட்டி எள்ளுருண்டை, கடலை மிட்டாய்.

பக்கத்து மேசை ரோஸ்லின் சந்தேகப்பட்டாள். "அக்கா, இதெல்லாம் இனிப்புல்லா?"

"ஏளா, கருப்பட்டி என்ன சீனியா? எள்ளு எலும்புக்கு நல்லது, பருப்பு மூளைக்கு நல்லது."

"எத்தன திங்கணும்?"

"நல்லத எண்ணிக்கிட்டா திம்பாவ? சும்மா தின்னு."

தின்றோம். இரண்டாவது வாரம் எங்கள் ஊர் பலகாரமான மக்ரூனையும் சேர்த்தேன். முட்டை வெள்ளையும் முந்திரியும்தானே அது! (அதிலுள்ள சீனியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.)

ஒரு மாதம் முடிந்தது. வீட்டிலேயே ரகசியமாக எடை பார்த்திருக்கலாம். ஆனால் வெற்றியை நாலு பேர் பார்க்க வேண்டாமா? எல்லோரையும் மறுபடி குடோனுக்கு இழுத்துப் போனேன். முதல் ஆளாக நானே ஏறினேன்.

எடை பார்க்கும் முத்தையா அண்ணாச்சிக்கு மெதுவாகப் பேச வராது. "எம்பத்தி மூணு கிலோ அறநூறு!" என்று கடைசி மூட்டைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு குனிந்து, "ஏம்மா, செருப்பக் கழத்துங்க" என்றார்.

கழற்றினேன்.

"எம்பத்தி மூணு நானூறு!"

சுமை தூக்குபவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்து ஏறிய மேனேஜர் மூன்று கிலோ கூடியிருந்தார். ரோஸ்லின் இரண்டு. எடை கூடாத ஒரே ஆள் டிரைவர் சுடலை. எப்படியென்று கேட்டதற்கு, "நான் தெனமும் கேண்டீன்ல ஒளிஞ்சு நின்னு ஒரு வடை திம்பேன்க்கா. ஒங்க தூக்குப் பக்கமே வரல" என்றான்.

குடோனே சிரித்தது. எனக்குக் காது வரை சூடேறியது. ஆனால் ஓடவில்லை. இன்றைக்கும் அது எனக்குப் பெருமைதான். எந்திரத்தின் மேல் மறுபடி ஏறி நின்று, "தப்பு என் மேலதான். சரியா கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

"மறுபடியுமா!" என்று ரோஸ்லின் நெஞ்சில் கை வைத்தாள்.

டாக்டர் என் பட்டியலைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பருப்பு நல்லதுதாம்மா. ஒரு கைப்பிடி. தூக்கு இல்ல, கை."

அன்றிலிருந்து அவித்த கடலை ஒரு கைப்பிடி, வெள்ளரிக்காய், மோர். காலையில் கடற்கரைச் சாலையில் நடை. முதல் மாதம் மக்ரூன் கடை இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனேன். பதினோரு மாதம் கழித்து, சுமை தூக்குபவர்கள் அத்தனை பேரும் இருக்கும் நேரம் பார்த்து, அதே எந்திரத்தில் ஏறினேன்.

"எழுவத்தி ஒண்ணு முன்னூறு!" அண்ணாச்சி அதுவரை அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. குடோனே கை தட்டியது. ரோஸ்லின் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் ஐந்து கிலோ குறைந்திருந்தாள்.

இப்போதும் யாராவது விருந்தாளி வந்து, "கனி நல்லா மெலிஞ்சிட்டாளே!" என்று சொன்னால் போதும், என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். "ஆபீஸையே ஏத்தி விட்டுட்டுதான் இவ எறங்குனா!"

எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருப்பேன். பிறகு, "பன்னெண்டு கிலோ" என்று மட்டும் சொல்வேன். (எண்பத்து மூன்றிலிருந்து கணக்குப் பார்த்தால் அவ்வளவு வரும். நான் எப்போதும் அங்கிருந்துதான் பார்ப்பேன்.)