நான் தறிமேல் ஏற்றிய மாப்பிள்ளை

ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் என்று எனக்கொரு திமிர் இருந்தது. அது இறங்கிய நாளை நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டார் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் பட்டு நெய்வதில் என் கைக்குத் தனிப்பெயர் இருந்தது. (பெருமையடிக்கவில்லை. சரி, அடிக்கிறேன்.) 'கல்யாணத்துக்கு அப்புறம் தறியில உட்காரக் கூடாது' என்ற மூன்று வரன்களை வேண்டாமென்றிருந்தேன். 'தாராளமா நெய்யட்டும்' என்று சொல்லியனுப்பிய ஒரே ஆள் பெரணமல்லூர் கணக்கு வாத்தியார். ஜாதகம் வந்தது, போட்டோ வரவில்லை. இதையும் கோட்டை விட்டால் வேறு வழியில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பெண் பார்க்க வரும் அன்றைக்கென்று, புடவையில் பூ போடும் ஜக்கார்டு பெட்டி தறிமேல் சிக்கிக்கொண்டது. ஊருக்குப் புதிதாக வந்த, நாங்கள் பார்த்திராத மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் பழைய தாவணியில் காத்திருந்தேன். கொல்லைப்பக்கம் ஒருவர் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ், சட்டையிலும் கிரீஸ்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? எவ்ளோ நேரமா பார்த்துகினு இருக்கறது. ஜல்தியா மேல ஏறுங்க."

"கை கழுவத் தண்ணி..."

"வேலை முடிச்சிட்டு கழுவிக்கலாம்."

மனிதர் கிரீஸ் கையோடு தறிமேல் ஏறினார்.

அதற்குள் அம்மா ஓடி வந்தாள். "மாப்பிள்ளை கூடத்துல உட்கார்ந்துகினு இருக்கார். போய்ப் புடவை மாத்து."

பட்டுடுத்திக் காபியோடு போனேன். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. அப்பா மரியாதைக்கு எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருக்க, அவர் இரண்டாம் தட்டு கேசரியில் இருந்தார். காபியை வாங்கிக்கொண்டு, "தறி எங்கம்மா இருக்குது? பார்த்துடலாமே" என்றார். என் தொழில்மேல் இத்தனை அக்கறையா என்று உருகிப்போனேன்.

உள்ளே தடதடவென்று சத்தம். எல்லோரும் ஓடினோம். பூ டிசைனுக்குத் துளை போட்ட ஜக்கார்டு அட்டைகளை வரிசையாகக் கோத்த கயிறு அறுந்து தரையெல்லாம் அட்டை. நடுவே கிரீஸ்காரர், கழுத்தில் பத்துப் பதினைந்து அட்டைகளோடு.

"யாருப்பா என் வேலையில கை வெச்சது?" என்றார் வெள்ளைச் சட்டை. (அடுத்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக உடுத்தி வந்த மெக்கானிக்.)

"மன்னிச்சிருங்க. நான் பெரணமல்லூர்லேர்ந்து பொண்ணு பார்க்க வந்தேன். வழியில பைக் செயின் கழண்டுடுச்சு. அப்பா அம்மா பஸ்ல வந்துகினு இருக்காங்க" என்றார் கிரீஸ்காரர். தறிக்காரர் வீட்டில் மாப்பிள்ளைக்கு இப்படியொரு பரீட்சை உண்டு என்று நினைத்தாராம்.

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அட்டை சிதறிக் கிடக்கும்போது எனக்கு வேறெதுவும் ஓடாது. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை எனக்கெதிரே உட்கார்ந்து நம்பர் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அவருடைய அம்மா வந்து, "பொண்ணு எங்கடா?" என்றார்.

"தோ, இவங்கதான். என்னா வேகமா கோக்கறாங்க பாரும்மா. எனக்குப் பிடிச்சிருக்குது. அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்குதான்னு கேளு."

பிடித்திருந்தது. அந்தத் தறியில் என் முகூர்த்தப் புடவையை நானே நெய்தேன். இன்றும் நெய்கிறேன்.

மெக்கானிக் மட்டும் இன்னும் அதை விடவில்லை. ஆரணியில் எந்த விசேஷத்தில் என் கணவரைப் பார்த்தாலும் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்வார்:

"இவர் சம்சாரத்தை முதல்ல பொண்ணு பார்த்தது நான்தான். கேசரி நல்லா இருந்துச்சு. பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்துட்டேன்."