புக்கு அண்ணனும் பெண் பார்க்கப் போன பாவிகளும்

மரக்காணத்தில் ஆரம்பித்து லண்டன் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தும்மல் வந்தால்கூட புத்தகத்தைப் புரட்டி அதற்கென்று ஒரு ஜெபம் இருக்கிறதா என்று பார்க்கிற மனுஷன் எங்கள் புக்கு அண்ணன் ஒருத்தர்தான்.

வேலை, உப்பு லாரிகளை எடை போடும் மேடையில். அவருக்கு ஒரு பேர் இருக்கிறது. சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கும். கக்கத்தில் எப்போதும் அட்டை கிழிந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம். எங்கள் சபை மொத்தம் இருபது குடும்பம், ஒரு தகரக் கூரை. பாதிரியார் மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அண்ணன்தான் ஆராதனை நடத்துவார்.

நான் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். மூன்றாவது தடவை வாத்தியாரே "போதும்பா" என்று கும்பிட்டுவிட்டார். அப்புறம் உப்பளம். நான் ஒரு வரியை எழுத்துக் கூட்டுவதற்குள் ஆராதனையே முடிந்துவிடும். ஆனால் வாரா வாரம் அதே வார்த்தைகளை அண்ணன் வாசித்து வாசித்து, பாதிப் புத்தகம் காது வழியாகவே எனக்கு மனப்பாடம்.

ஒரு வருஷம் கோடையில் சபைக்குள் சண்டை. பெருமுக்கல் பக்கத்திலிருந்து வருகிற கடலை விவசாயிகள், "அண்ணே, மல்லாட்டச் செடி கருகுது, மழைக்கு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். உப்பளத்துக்காரர்கள் நாங்கள் விடுவோமா? "மழ பேஞ்சா உப்பு கரஞ்சிடும்ணே, பொழப்பு போயிடும்!" அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. புத்தகத்தில் மழை வேண்டி ஒரு ஜெபமும், மழை நிற்க ஒரு ஜெபமும் இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து இரண்டுக்கும் எல்லாரையும் ஆமென் சொல்ல வைத்தார். மேகம் குழம்பிப் போய் வானூரில் பெய்துவிட்டுப் போனது.

சபையில் இன்னொரு தகராறும் உண்டு. ஒரு கோஷ்டிக்கு மெழுகுவத்தி, மணி, அங்கி வேண்டும். இன்னொரு கோஷ்டிக்குக் கைதட்டல், கஞ்சிரா. நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, நாம கத்தோலிக் மாதிரியா, அல்லேலூயா ஆளுங்க மாதிரியா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"ஏம்பா, லாரிக்கு எட பாக்கும்போது முன்சக்கரம் மட்டும் மேடையில ஏறுனா போதுமா? பின்சக்கரமும் ஏறணும்ல? ஏத்துறவன் மெழுகுவத்தி ஏத்தட்டும், தட்டுறவன் தட்டட்டும். ஆனா முட்டி போடுற இடத்துல எல்லாரும் போடணும். திருவிருந்துன்னா ஒரே கிண்ணத்துல எல்லாரும் குடிக்கணும். அவ்ளோதான்பா நாம."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். எனக்கு அந்தப் பழக்கம் நன்றாக வரும்.

நிஜமாகவே புரிந்தது முப்பத்தாறு வயசில், வானூரில். அங்கே ஸ்டெல்லா என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். அதற்கு முன்னால் பதினொரு வீட்டில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். படிப்பில்லை, முன்பல் ஒன்று இல்லை. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் தேடமாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்திருந்தாள். எனக்கோ ஸ்டெல்லாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மூன்று நாளாகத் தூக்கமில்லை. வேனில் அம்மா, மாமா, அத்தை, அண்ணன். வேன் டிரைவரும் எங்கள் சபைதான்.

பெண்ணின் அப்பா, கண்ணை மூடி மனசில் வந்ததைப் பேசி ஜெபிக்கிற சபையில் மூப்பர். கேசரித் தட்டை நீட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"நீங்க புக்கு பாத்துப் படிக்கிற சபையாமே? படிக்கிறதெல்லாம் ஜெபமாங்க? மாப்ள, புக்கு இல்லாம ஒரு ஜெபம் பண்ணுங்க, பாக்கலாம். அப்புறம் மத்தத பேசுவோம்."

அண்ணனின் கை தன்னால் கக்கத்துக்குப் போனது. மூப்பர் முறைத்தார். கை இறங்கிவிட்டது.

எழுந்து நின்றேன். வாய் நிறைய கேசரி. சொந்தமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன், அது தன் பழக்கப்பட்ட வழியில் ஓட ஆரம்பித்தது. வழி தவறிவிட்டோம், தப்புச் செய்தோம், மன்னியும் என்று நீளமாகப் போகிற பாவ அறிக்கை!

முதல் வரி காதில் விழுந்ததும் எங்கள் ஆட்களுக்குப் பழக்கதோஷம். நாலு பேரும் கூடத்தில் தொபக்கென்று முட்டி போட்டு என்னோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் அதைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே முட்டி போட்டான்.

ஆமென் சொன்னதும் மூப்பர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

"மாப்ள, எங்க சபையில அறிக்க பண்ணா என்ன பாவம்னு வெளிப்படையா சொல்லணும். என்ன பண்ணீங்க? குடியா?"

"எங்கம்மாவும்தாங்க சொன்னாங்க."

"அதான் கேக்குறேன். குடும்பமே சேந்து அப்படி என்னத்தப் பண்ணீங்க? டிரைவர் வேற!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டாவது வீடும் போயிற்று என்று நான் செருப்பைத் தேடினேன். அண்ணன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. முட்டி போட்டபடியே பேசினார்.

"ஐயா, இது அவன் பாவம் மட்டும் இல்லீங்க. யோக்கியன், அயோக்கியன், பிஷப்பு, லாரி டிரைவர் எல்லாரும் ஒண்ணா முட்டி போட்டு இதே வார்த்தையத்தான் சொல்வோம். இங்கிலாந்துலயும் சொல்றாங்க, ஆப்பிரிக்காவுலயும் சொல்றாங்க. நெஞ்சடைச்சு நிக்கிறவனுக்கு, அவனுக்கு முன்னாடி முட்டி போட்டவங்க விட்டுட்டுப் போன வார்த்த கை குடுக்கும். எங்க சொத்து அதுதாங்க. இவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ஒரு எழுத்து விடாம சொன்னான் பாருங்க."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"அப்பா, இவரு வாரா வாரம் மன்னிப்பு கேக்குறாராம். நீங்க அம்மாகிட்ட என்னிக்காச்சும் ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

உள்ளே அவள் அம்மா சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று உருண்டது. மூப்பர் கேசரித் தட்டை மறுபடியும் எங்கள் பக்கம் தள்ளினார். "சரி சரி, எழுந்திருங்க. கேசரி ஆறுது" என்றார்.

கல்யாணத்தில் அண்ணன் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். மாமனார் கண்ணை மூடி முக்கால் மணி நேரம் ஜெபித்தார். இரண்டுக்கும் ஆமென் சொன்னேன். பிரியாணிதான் ஆறிப்போனது.

இப்போது அண்ணனுக்கு முட்டிவலி. உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணச் சொல்லி டாக்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். கேட்கிற ஆளா? போன ஞாயிறு, நானும் ஸ்டெல்லாவும் ஒரு சின்ன மெத்தை தைத்து அவர் முட்டி போடுகிற இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"டேய், யாருடா இத வெச்சது?"

"தெரியலியேண்ணே."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன்மேல் முட்டி போட்டார். உடனே பாவ அறிக்கை வந்தது. செய்த தப்புக்கெல்லாம் வருத்தப்பட்டேன். அந்தப் பொய்க்கு மட்டும் வருத்தமே வரவில்லை.